இழுபறித் தொகுதியில் கருத்துக்கணிப்பு: கொங்கு வாசல்களில் கற்றவை

சட்டமன்றத் தேர்தலில் இழுபறியாக இருக்கும் ஒரு தொகுதியில் யார் ஜெயிப்பார்கள் என்பதைக் கருத்துக்கணிப்பு எடுத்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கியவன் இப்படிச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அதில் இறங்குகிறவர்களும் அதற்குப் பணம் கொடுக்கிறவர்களும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒத்துக்கொண்ட பிறகுதான் கருத்துக்கணிப்பால் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக்கூடியவை கண்ணில் படும். எந்த ஓட்டு கெட்டி, எந்த ஓட்டு இளகிக் கிடக்கிறது, போன முறை கைகொடுத்த எந்தப் பூத் இந்த முறை முகம் திருப்புகிறது, கூட்டணிக் கட்சியின் சின்னத்துக்குத் தொண்டன் மனம் ஒப்பிப் போடுவானா என்பவை எல்லாம் அப்படிப்பட்டவை.

2021 ஏப்ரல் 6ஆம் தேதி நடந்த தேர்தலில் திமுக கூட்டணி 159 இடங்களையும் அதிமுக கூட்டணி 75 இடங்களையும் பிடித்தன. மேலிருந்து பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு. தொகுதிக்குள் இறங்கினால் கதை வேறு. தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. மொடக்குறிச்சியில் 281. தென்காசியில் 370. மேட்டூரில் 656. திமுகவின் மூத்த தலைவர் துரைமுருகன் காட்பாடியில் 746 ஓட்டில் கரையேறினார். அதற்கு முந்தைய 2016 தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49. அங்கே 203 தபால் ஓட்டுகளை ஒதுக்கியது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தபால் ஓட்டுக்குச் சான்றொப்பம் இடும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு உண்டா இல்லையா என்பதில் தொங்கிய ஒரு வெற்றியை எந்தக் கணிப்பாளர் முன்கூட்டிச் சொல்லிவிட முடியும்?

கணக்கு எளிது. ஒரு தொகுதியில் 400 பேரைக் கேட்டால், ஒரு கட்சிக்குக் கிடைக்கும் சதவீதம் மேலும் கீழும் 5 புள்ளி வரை பிசகலாம். 1,000 பேரைக் கேட்டால் 3 புள்ளி. இரண்டு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கும்போது இந்தப் பிசகு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒருவருக்குக் கூடுவது மற்றவருக்குக் குறைவது அல்லவா? அதோடு ஒவ்வொரு பூத்திலும் 20 பேரைத்தான் கேட்கிறோம். ஒரே தெருக்காரர்கள் பெரும்பாலும் ஒரே போக்கில் யோசிப்பார்கள் என்பதால், 400 என்று எழுதிக்கொண்டாலும் தனித்தனியாகப் பொறுக்கிய 400 பேரின் பலம் அதில் இருக்காது. மொடக்குறிச்சியின் 281 ஓட்டு நூற்றுக்குக் கால் ஓட்டுகூட இல்லை. அதை உறுதியாகப் பிடிக்கத் தொகுதியின் மொத்த வாக்காளர்களையும்விட அதிகம் பேரைக் கேட்க வேண்டும் என்கிறது சூத்திரம். அதற்குத்தான் தேர்தல் ஆணையம் இருக்கிறது.

2021இல் ஈரோடு, கோவை மாவட்டங்களில் சில தொகுதிகளுக்குக் களப்பணியாளர் குழுக்களை மேற்பார்க்கும் வேலை எனக்கு. பெரும்பாலும் கல்லூரி முடித்த இளைஞர்களும் பெண்களும். பகலெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு, இரவு ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்ப்போம். கொங்குப் பகுதி இந்த வேலைக்குக் கொஞ்சம் முரட்டுக் களம். மாநிலம் முழுக்க உதயசூரியன் பக்கம் காற்று அடித்தபோது, கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக கூட்டணி அள்ளிக்கொண்டது. கிணத்துக்கடவில் அதிமுக 1,095 ஓட்டில் ஜெயிக்க, ஈரோடு மாவட்டத்தின் அந்தியூரில் திமுக 1,275 ஓட்டில் ஜெயித்தது. மாநில அளவில் இத்தனை சதவீதம் மாறியிருக்கிறது, அதையே எல்லாத் தொகுதிக்கும் கூட்டிக் கழித்துவிடலாம் என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்குக் கொங்கு எப்போதும் பாடம் நடத்தும். கோவை தெற்கு இன்னொரு ரகம். வானதி சீனிவாசன் 53 ஆயிரத்துச் சொச்சம், கமல்ஹாசன் 51 ஆயிரத்துச் சொச்சம், காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42 ஆயிரத்துச் சொச்சம். மூவரும் கனமாக நிற்கும் இடத்தில் பழைய தேர்தல் கணக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். தொகுதி ஒரே பானை அல்ல என்பதில்தான் சிக்கல். மொடக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டையே புத்தகம்போல அச்சிட வைத்த தொகுதி அது. அன்று அங்கே ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் 2021இல் பாஜகவின் சி. சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். மஞ்சளும் தென்னையும் விளையும் கிராமங்கள் ஒரு பக்கம், காவிரிக் கரையில் கொடுமுடி ஒரு பக்கம், அறச்சலூர், அவல்பூந்துறை, சிவகிரி போன்ற பேரூராட்சிகள் ஒரு பக்கம். எங்கே கரண்டி போடுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

எந்தப் பூத்துகளைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் கற்றுக்கொண்டதில் மிகவும் பயன்பட்டது படிவம் 20. தேர்தல் முடிந்ததும் பூத் வாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் அதிகாரி வெளியிடும் தாள் அது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பல நேரம் கோணலாக ஸ்கேன் செய்திருப்பார்கள், எண்களைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சலிப்பான வேலையைச் செய்தே ஆக வேண்டும். போன தேர்தலில் ஆளும் கட்சிக்கு அதிகம் விழுந்த பூத்திலிருந்து குறைவாக விழுந்த பூத் வரை வரிசையாக அடுக்கி, சம இடைவெளியில் 20 பூத்துகளை எடுப்போம். எடுத்த பிறகு ஒரு சோதனை: அந்த 20 பூத்துகளின் பழைய ஓட்டுகளை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தத் தொகுதியின் பழைய முடிவோடு அது ஓரிரு சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு சதவீதம் விலகினால் கலைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். நேற்றைய தேர்தலையே சரியாகச் சொல்லாத பூத்துகள் நாளைய தேர்தலை எப்படிச் சொல்லும்?

2021இல் இதிலும் ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. கொரோனாவை முன்னிட்டு ஒரு வாக்குச்சாவடிக்கு 1,000 பேருக்கு மேல் கூடாது என்று ஆணையம் சொல்லிவிட, மாநிலத்தில் வாக்குச்சாவடிகள் 88 ஆயிரத்தைத் தாண்டின. பழைய பூத்துகள் பல இரண்டாகப் பிரிந்தன, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே ஒப்பிட முடியவில்லை. எண்ணை நம்பாமல், பட்டியலின் முகப்பில் உள்ள தெருப் பெயர்களை வைத்துத்தான் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது வேலையில் இறங்குகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பூத் தேர்வானதும் வாக்காளர் பட்டியல். ஒரு பாகத்தில், அதாவது ஒரு பூத்துக்கான பட்டியலில், 940 பேர் என்றால், 20 பேரை எடுக்க 47 பேருக்கு ஒருவர். 1 முதல் 47க்குள் குலுக்கலில் ஓர் எண்ணை எடுத்து, அதிலிருந்து 47, 47ஆகக் கூட்டிக்கொண்டே போனால் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பட்டியலே சொல்லிவிடும். களப்பணியாளர் தன் இஷ்டத்துக்கு ஆள் பிடிக்க முடியாது. முறை கேட்பதற்கு எளிதாக இருக்கும். அந்த 20 பேரையும் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பாடு. பழைய எண், புதிய எண் என்று கதவு எண்கள் இரட்டையாக இருக்கும், சில தெருக்களில் எண்ணே இருக்காது. ரேஷன் கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பால் சொசைட்டியில் எழுதுகிறவர் ஆகிய மூவரில் ஒருவரைப் பிடித்தால் பாதி வேலை முடியும். தேடிப் போனால் ஒருவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு பெண் கல்யாணமாகிப் பல்லடத்தில் இருப்பார். ஒருவர் வீட்டையே விற்றுவிட்டுப் போயிருப்பார். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் இல்லாமல் போனபோது எல்லோரும் திகைத்தார்கள். பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு, அதில் எத்தனை பேர் ஊரிலேயே இல்லை என்பது ஓரளவு பழகிய விஷயம்தான். நீக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஊரில் இருந்தவர்கள் என்பது தனியாகப் பேச வேண்டிய சங்கதி.

ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று எல்லாக் களப்பணியாளருக்கும் தோன்றும். அதைக் கடுமையாகத் தடுக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் யார்? முதியவர்கள், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள், வேலையில்லாதவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு விடியற்காலையில் வேன் ஏறிய 25 வயதுப் பையன் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவான். அவனை விட்டுவிட்டு எடுத்தால் நாம் தமிழர் கட்சியின் ஓட்டு பாதியாகத் தெரியும். இழுபறித் தொகுதியில் மூன்றாம் இடத்துக் கட்சி வாங்கும் ஓட்டு வெற்றி வித்தியாசத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே காலையில் ஒரு சுற்று, மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று. மூன்று முறை போயும் கிடைக்காதவர்களைக் கிடைக்கவில்லை என்றே எழுத வேண்டும்.

பட்டியல் வழியே போவதில் வேறொரு நன்மை உண்டு. அது கொங்கில் மிகவும் முக்கியம். டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் ஊரைக் கேட்கிறார்கள், காலனியைக் கேட்பதில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடுகிற அருந்ததியர் குடியிருப்பு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். களப்பணியாளர்கள் அங்கே போகத் தயங்குவார்கள். சிலர் சாதியாலும், சிலர் "அங்கே எல்லாம் ஒரே கட்சிதான் சார், கேட்பானேன்" என்ற தெனாவெட்டாலும். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். போய்ப் பார்த்தால் அங்கேயும் மூன்று கட்சிக் கொடி பறக்கும். "எந்த ஊர் தம்பி நீங்கள், யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி இரண்டு இடத்திலும் வரும். கேட்கப்படுவது ஊர் அல்ல, சாதி என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டால் அடுத்து வரும் பதில்கள் எல்லாம் அதற்கேற்பச் சாய்ந்துவிடும். நிறுவனத்தின் அடையாள அட்டையைக் காட்டி, "ஈரோட்டில் தங்கி வேலை பார்க்கிறோங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

அடுத்தது, கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது. எங்கள் குழு தெருவுக்குள் நுழைந்த கால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு கட்சியின் பூத் கமிட்டி ஆள் பைக்கில் வந்து நிற்பார். டீ வாங்கித் தருவார், வீடு காட்டுகிறேன் என்பார். அன்பாகத்தான் இருப்பார். அவர் கூட வந்தால் அந்தத் தெருவில் எல்லா வீடும் அவர் கட்சிதான். அவரை மேற்பார்வையாளர் தனியே அழைத்துக்கொண்டுபோய் அரை மணி நேரம் பேச்சுக் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளருக்குச் சம்பளம் கொடுப்பதே பாதி இதற்காகத்தான் என்று சொல்வேன். மறுபக்கம், அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள், மாற்றிச் சொன்னால் முதியோர் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. கையில் கணினிப் பலகையை வைத்துக்கொண்டு வயதையும் வருமானத்தையும் முதலில் கேட்டால் அந்தப் பயம் இரட்டிப்பாகும்.

வாயால் கேட்பதைவிட மாதிரி வாக்குச்சீட்டு நல்லது. சிஎஸ்டிஎஸ் – லோக்நீதி என்ற ஆய்வு நிறுவனத்தின் தேர்தல் ஆய்வுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் முறைதான் இது: சின்னங்கள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து, மறைவாகக் குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்வது. அறச்சலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. பட்டியலில் வந்த பெயர் அந்த வீட்டு அம்மாவுடையது. கயிற்றுக் கட்டிலில் இருந்த அவருடைய கணவர் பதிலைத் தானே சொல்லத் தொடங்கினார். "அவளுக்கு என்ன தெரியும்? எப்போதும் இரட்டை இலைதான். நான் சொல்வதற்குத்தான் போடுவாள். எழுதிக்கொள்ளுங்கள்." எங்கள் குழுப் பெண் எழுதவில்லை. "சரிங்க ஐயா, ஆனால் பட்டியலில் அம்மா பெயர்தான் இருக்கிறது" என்று சொல்லித் தாளை நீட்டினார். அந்த அம்மா மஞ்சள் படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார், கதவுக்குப் பின்னால் போனார், நான்காக மடித்துக்கொண்டு வந்து பெட்டியில் போடுவதற்கு முன் கேட்டார்: "அம்மிணி, இதை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்களே?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று முன்பே பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். "மாட்டார்கள்" என்பது பொய். "பார்ப்போம், ஆனால் உங்கள் பெயர் இதில் இருக்காது, எண்ணிவிட்டுக் கிழித்துவிடுவோம்" என்பதுதான் எங்கள் பதில். அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போட்டார். வாயால் கேட்டபோது "இன்னும் முடிவு பண்ணவில்லை", "எல்லோரும் நம்மவர்கள்தானே" என்று நழுவிய பலர் தாளைக் கொடுத்ததும் தயங்காமல் குறியிட்டார்கள். முடிவு செய்யாதவர்கள் என்று நாம் எழுதிக்கொள்வதில் பாதிப் பேர், முடிவைச் சொல்ல விரும்பாதவர்கள்.

மாதிரிச் சீட்டில் என்ன அச்சிடுவது என்பதிலும் கவனம் தேவை. 2021இல் வேட்பு மனு திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 22. அதற்கு முன்பு எடுத்த கணிப்புகளில் "எந்தக் கூட்டணிக்கு ஓட்டு?" என்றுதான் கேட்க முடிந்தது. அது மேம்போக்கான கேள்வி. வாக்காளர் கூட்டணிக்கு ஓட்டுப் போடுவதில்லை. ஒரு பொத்தானை அழுத்துகிறார், அதன் பக்கத்தில் ஒரு சின்னம் இருக்கிறது. மொடக்குறிச்சியில் இரட்டை இலை இல்லை, தாமரை இருந்தது. எத்தனையோ தேர்தலாக இலைக்கே கை பழகிய ஒருவர் தாமரையைத் தேடி அழுத்துவாரா என்பதுதான் அங்கே கேள்வி. எதிரணியிலும் இதே சிக்கல் வேறு தொகுதிகளில் இருந்தது. மதிமுகவும் கொமதேகவும் (கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி) அதை உணர்ந்துதான் உதயசூரியனிலேயே நின்றன. ஒரு தொகுதியில் கூட்டணியைக் கேட்டு எடுத்த முதல் சுற்றுக்கும் சின்னங்களைக் காட்டி எடுத்த அடுத்த சுற்றுக்கும் நடுவே நாங்கள் கண்ட வேறுபாடு, பிரசாரத்தால் வந்த மாற்றமல்ல, கேள்வியால் வந்த மாற்றம். இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் "எங்கள் செல்வாக்கு சரிகிறது" என்று வேட்பாளர் தரப்பு பதறிவிடும்.

கேள்விகளின் வரிசை. ஓட்டு யாருக்கு என்பதை முதலில் கேட்டுவிட வேண்டும். குடிநீர், சாலை, எம்எல்ஏ ஊர்ப்பக்கம் வந்தாரா என்று கிளறிவிட்டுப் பிறகு ஓட்டைக் கேட்டால் கோபம்தான் பதிலாக வரும். 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியைப் பற்றி விவசாயி வீட்டில் முதலில் கேட்டுவிட்டு ஓட்டைக் கேளுங்கள், இலை கூடும். மாதம் 1,000 ரூபாய் தருவதாகச் சொன்னதை முதலில் கேளுங்கள், சூரியன் கூடும். கேட்கிறவருக்கு எந்த நோக்கமும் இல்லாமலேயே இது நடக்கும்.

போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்ற கேள்வியை எல்லோரும் படிவத்தில் வைப்பார்கள், அதை வைத்துப் புள்ளிவிவரத்தைச் சரிக்கட்டலாம் என்று. கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜெயித்த கட்சிக்குத்தான் போட்டேன் என்று சொல்லிக்கொள்வது மனித சுபாவம். 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38 திமுக கூட்டணிக்குப் போயிற்று. ஆகவே எங்கே கேட்டாலும் 2019இல் அந்தக் கூட்டணிக்குப் போட்டதாகச் சொன்னவர்கள், படிவம் 20 காட்டுவதைவிட அதிகமாக இருந்தார்கள். இதை நம்பி அப்படிச் சொன்னவர்களின் பதில்களுக்குக் கணக்கில் கொடுக்கும் எடையைக் குறைத்தால், இப்போது உண்மையாகவே அந்தப் பக்கம் இருப்பவர்களையும் சேர்த்து வெட்டிவிடுவோம். வயது, ஆண் பெண், பூத் ஆகியவற்றுக்கு மட்டும் எடை போட்டுவிட்டு, பழைய ஓட்டை ஒரு எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஓட்டுப் போடுவீர்களா என்றால் எல்லோரும் போடுவேன் என்பார்கள். சென்னை மாவட்டத்தில் 2021இல் பதிவானது 59 சதவீதம்தான். 137 ஓட்டில் முடிந்த தியாகராய நகர் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. யாருக்கு ஓட்டு என்பதைவிட யார் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள் என்பதே அங்கே பெரிய கேள்வி. "போடுவீர்களா?" என்பதற்குப் பதிலாக "உங்கள் பூத் எந்தப் பள்ளிக்கூடம்?" "செவ்வாய்க்கிழமை லீவு விடுவார்களா?" "போன முறை எத்தனை மணிக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள். பூத் எங்கே என்று தெரியாதவர், உற்சாகமாகத் தலையாட்டினாலும் சந்தேகத்துக்குரியவர்தான்.

பணம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களையும் 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் பணப்பட்டுவாடாவுக்காக ஆணையம் ரத்து செய்தது. வாங்கினீர்களா என்று நேராகக் கேட்டால் கதவு சாத்தப்படும். "உங்கள் தெருவில் இந்த முறை கொடுப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்களா?" என்று கேட்டால் பக்கத்துத் தெருவின் கதை முழுவதும் வரும். என் ஊகம்: பணம் ஓட்டை மாற்றுவதைவிட, வராமல் போனால் கோபத்தைக் கிளப்புகிறது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு தன் சின்னத்துக்கே போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் "அடுத்த தெருவுக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை" என்ற ஆத்திரம் கடைசி இரவில் கிளம்புவது. அதை ஒரு வாரத்துக்கு முந்தைய எந்தக் கணிப்பாலும் பார்க்க முடியாது.

கள்ளப் படிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புளியமரத்தடியில் உட்கார்ந்து 20 படிவத்தையும் நிரப்பிவிடுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. நேரப் பதிவையும் இருப்பிடப் பதிவையும் பார்த்தால் சிலர் அகப்படுவார்கள். அவற்றையும் ஏமாற்றத் தெரிந்தவர்களைப் பதில்களே காட்டிக்கொடுக்கும். "தெரியாது" என்ற பதில் ஒன்றுகூட இல்லாத படிவக் கட்டு, எல்லோருக்கும் 25, 30, 35, 40 என்று முழு எண்ணில் வயது, ஒரே விஷயத்தை வேறு விதமாக மறுபடி கேட்டாலும் ஓரிடத்திலும் முரண்படாத பதில். உண்மையான மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேச மாட்டார்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுநாள் நேரில் போய், "நேற்று யாராவது வந்தார்களா? பெட்டி கொண்டுவந்தார்களா?" என்று கேட்டால் போதும். இந்த ஏற்பாடு இருக்கிறது என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் புளியமரத்தடி பாதி காலியாகிவிடும். இன்னொரு பாதிக்கு மருந்து கூலிதான். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் படிவம்தான் வரும், பேட்டி வராது. நாள் கூலியும் சாப்பாடும் பஸ் செலவும் கொடுத்து, ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைப்பது உத்தமம்.

கடைசியில், பணம் கொடுத்தவரிடம் அறிக்கையைக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு வேண்டியது ஒரே எண். "ஜெயிக்கிறோமா இல்லையா, அதைச் சொல்லுங்கள்." ஒரு தொகுதியில் நாங்கள் இழுபறி என்று எழுதிக் கொடுத்ததில், சாதகமாக இருந்த மூன்று பூத்துகளின் அட்டவணையை மட்டும் வெட்டியெடுத்து, எட்டுச் சதவீத முன்னிலை என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி எங்கள் களப்பணியாளர்களின் சொந்தக்காரர்கள் வழியாக எங்களுக்கே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும், எத்தனை பேரைக் கேட்டது, பிசகு எவ்வளவு, பூத் அளவில் இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை என்று அச்சிட ஆரம்பித்தோம். எதை வெட்டினாலும் அதுவும் கூடவே வரும். முன்னிலை என்ற சொல்லையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, கெட்டி, சாய்வு, இளகல் என்று மூன்று பத்திகளை மட்டும் கொடுத்தோம். பேசிப் பார்த்தால் வேட்பாளரின் ஆட்களுக்கே அதுதான் பயன்பட்டது. எந்தத் தெருவுக்கு மறுபடி போக வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஜெயிக்கிறோம் என்ற எண்ணைக் கொடுத்தால் யாரும் எந்தத் தெருவுக்கும் போக மாட்டார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சி போன்றவற்றில் கருத்துக்கணிப்பு முடிவுகளைக் காட்டக் கூடாது. 126ஏ பிரிவின்படி, வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டத் தேர்தல் முடிந்து அரை மணி நேரம் வரை, ஓட்டுப் போட்டு வந்தவர்களைக் கேட்டு எடுக்கும் கணிப்பை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2021இல் தமிழ்நாடு ஏப்ரல் 6ஆம் தேதியே ஓட்டுப் போட்டுவிட்டாலும், மேற்கு வங்கத்தின் கடைசிக் கட்டம் முடிந்த ஏப்ரல் 29 மாலை வரை எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவதும் வெளியிடுவதுதானா என்று குழுவிலிருந்த ஒருவர் கேட்டார். எதற்கு வம்பு என்று அந்த மூன்று வாரமும் கணிப்புக் கோப்பு இரண்டே பேரின் கணினியில் பூட்டிக் கிடந்தது.

மே 2ஆம் தேதி முடிவு வந்ததும் பலர் அறிக்கையை மூடிவைத்துவிடுவார்கள். உண்மையில் அப்போதுதான் நல்ல வேலை தொடங்குகிறது. புதிய படிவம் 20 வந்தவுடன், நாம் போன 20 பூத்துகளையும் வரிசையாக வைத்து, நம் மாதிரிச் சீட்டு சொன்னதையும் இயந்திரம் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மொத்த எண் ஒத்துப்போனாலும், ஒரு பூத்தில் கூடியது இன்னொன்றில் குறைந்து தற்செயலாகச் சமன் ஆகியிருக்கலாம். எங்கள் பட்டியலில் விலகல் பெரிதாக இருந்த பூத்துகள் எவையென்று பார்த்தோம். ஒன்று, மாலைச் சுற்றுக்கு ஆள் போகாத மில் தொழிலாளர் தெரு. இன்னொன்று, பூத் கமிட்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்த ஊர். மூன்றாவதற்கு இன்றுவரை காரணம் பிடிபடவில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்களிடம் அந்தப் பூத்தின் தெருப் பெயர்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.